ஜினகாஞ்சி: தலைநகரின் ஒரு பகுதி

காஞ்சிபுரத்தின் பகுதிகள் யாவை என்று பிள்ளைகளைக் கேட்டால், பெரிய காஞ்சிபுரம் சிவகாஞ்சி, சின்ன காஞ்சிபுரம் விஷ்ணுகாஞ்சி எனத் தயங்காது விடை கூறுவர். ஜினகாஞ்சி எங்கே என்று கேட்டால், நம் வீட்டுப் பிள்ளைகளே "ஊருக்கு வெளியே ஒரு கிராமம்" என்கின்றனர். இன்றைய நிலையை மட்டும் நோக்கின் இவ்விடை தவறன்று. ஆயினும் இதனை இவ்வாறே விட்டுவிட்டால், ஒரு தலைநகரின் அங்கமாக விளங்கிய இடம் அதன் புறத்தே கிடந்த சிற்றூராகவே அவர்கள் நினைவில் நின்றுவிடும்.

முதற்கண் செப்பேட்டைக் காண்போம். பல்லவன் சிம்மவர்மனின் 6-ஆம் ஆட்சியாண்டைக் கூறும் பள்ளன்கோயில் செப்பேடு, பருத்திக்குன்றின் வச்சிரநந்திக் குரவர்க்கு அமண்சேர்க்கை என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றது. எழுத்தமைதி கொண்டு இதனைப் பிற்காலப் படி என்பாரும் உளர். படியே ஆயினும், 6-ஆம் நூற்றாண்டிலேயே இங்கு நம் முனிவர் சங்கம் இருந்தமையை அது காட்டுகின்றது.

ஏறத்தாழ 640-இல் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், நகரில் நிர்க்கிரந்தர் பலர் இருந்தனர் என எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களையும் எண்பது தேவாலயங்களையும் அவரே குறிக்கின்றார். ஆகவே "காஞ்சி முழுவதும் நமதே" என்று நம்மவர் சிலர் மேடையில் முழங்குவது முறையன்று. பல சமயத்தார் சேர்ந்து வாழ்ந்த நகரில் நமக்கும் ஓரிடம் இருந்தது. சான்று கூறுவது அதுவே. அகளங்க ஆசாரியர் காஞ்சியில் பௌத்தரை வாதில் வென்றார் என்னும் வரலாற்றையும் மரபு வழிச் செய்தி என்று சொல்லியே பிள்ளைகளுக்குக் கற்பித்தல் வேண்டும்.

பருத்திக்குன்றத்துச் சந்திரப்பிரபர் ஆலயம் சிறியது, பல்லவர் காலத்தது. அருகிலுள்ள திரைலோக்கியநாதர் ஆலயமே பெரியது. அங்கே சோழர் கல்வெட்டுகள் உள்ளன. எனினும் நாம் நெடுநேரம் நின்று பார்க்க வேண்டியது சங்கீத மண்டபத்தையே. விஜயநகர அரசின் அமைச்சரும் தண்டநாயகருமான இருகப்பர், 1382-இல் மகேந்திரமங்கலம் என்னும் ஊரை இவ்வாலயத்திற்கு வழங்கினார். பின்னர்த் தம் குருவாகிய புஷ்பசேன முனிவரின் சொற்படி 1387-88-இல் இம்மண்டபத்தைக் கட்டுவித்தார். விஜயநகரில் குந்துநாதர் ஜினாலயத்தை 1386-இல் எழுப்பியவரும் இவரே. தம் காலத்துப் புதிய தலைநகரில் ஒன்றும், பல்லவரின் பழைய தலைநகரில் ஒன்றுமாக அவர் திருப்பணி செய்தார்.

மண்டபத்தின் விதானத்தில் ரிஷபநாதர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகள் ஓவியங்களாக விளங்குகின்றன. காட்சிகளின் கீழே தமிழில் விளக்கம் எழுதப்பட்டுள்ளது. தி. ந. இராமச்சந்திரன் 1934-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக எழுதிய நூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். நம் குடும்பத்தார் தரிசனம் முடித்துப் பிரசாதத்துடன் விரைந்து திரும்பிவிடுகின்றனர். அண்ணாந்து பார்ப்போர் சிலரே. அவ்வெழுத்துக்களைப் பிள்ளைகளே கூட்டிப் படிக்கட்டும். தவறாகப் படித்தாலும் இடையில் திருத்த வேண்டா.

ஆலயத்தின் குரா மரத்தையும், மேருமந்தர புராணம் இயற்றிய வாமன முனிவரையும் அவர் மாணவர் புஷ்பசேனரையும் நினைவூட்டும் பலிபீடங்களையும் அவர்களுக்குக் காட்டுக.

செல்லும் வழியிலும் பாடம் உண்டு. இராசசிம்மன் எடுத்த கயிலாசநாதர் கோயிலிலிருந்து புறப்படுவோம். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருக்கள் வழியே வேகவதி ஆற்றுப் பக்கம் சென்றால் பருத்திக்குன்றம் வந்துவிடும். அரசன் கோயிலுக்கும் நம் ஆலயத்திற்கும் இடையே எவ்வளவு தொலைவு என்று அங்கே பிள்ளைகளைக் கேட்போம். ஊருக்கு வெளியே என்றவர்கள் தாமே விடையைத் திருத்திக் கொள்வர். மேல்சித்தாமூர் மடம் இன்றளவும் ஜினகாஞ்சி மடம் என்றே பெயர் பெற்றிருப்பதன் காரணத்தையும் அப்போதே சொல்லிவிடலாம்.