சின்ன அறை போதும், கயல்

ஓசூர்
செப்டம்பர் 2

அன்புள்ள கயலுக்கு,

பெரியப்பா எழுதுவது. நேற்று உங்கப்பா போனில் கூப்பிட்டு அரைமணி நேரம் பொரிந்து தள்ளினான். நவம்பரில் நீயும் உன் தோழியும் ஜப்பான் போகிறீர்களாம். பெண்பிள்ளைகள் இரண்டு பேர் தனியாகப் போவதால் பெரிய நட்சத்திர ஓட்டலில்தான் தங்க வேண்டும் என்பது அவன் கட்சி. காப்ஸ்யூல் ஓட்டலே போதும், மிச்சக் காசில் நாலு ஊர் கூடுதலாகப் பார்க்கலாம் என்பது உன் கட்சி. பஞ்சாயத்து என் தலையில். உதிரிபாகக் கம்பெனி வேலையாக ஹமாமத்சு, நகோயா என்று அலைந்த காலத்தில் நான் தங்கியதெல்லாம் அங்கே ‘பிசினஸ் ஓட்டல்’ என்கிற விடுதிகளில்தான். என் தீர்ப்பும் அதுதான்.

காப்ஸ்யூலை முழுக்க வேண்டாமென்று சொல்லமாட்டேன். 1979இல் ஒசாகாவின் உமேதா பகுதியில், குரோகாவா கிஷோ என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் முதல் காப்ஸ்யூல் விடுதி வந்தது. கடைசி ரயிலை விட்டுவிட்ட ஆபீஸ்காரர்கள் பொழுது விடியும்வரை உடம்பைச் சாய்க்கத் தோதான இடம் அது. வேடிக்கைக்கு ஒரு ராத்திரி படுத்துப் பார். ஆனால் படுக்கும் கூண்டுக்குப் பூட்டுக் கிடையாது, திரை மட்டும்தான். சாமான் வேறு இடத்தில், லாக்கரில் இருக்கும். இரண்டு வாரப் பயணத்துக்கு அது சரிப்படாது.

உங்கப்பாவின் பயம் பாதுகாப்பைப் பற்றியது. அதற்கு நட்சத்திரம் தேவையில்லை. பிசினஸ் ஓட்டல்காரர் மிச்சம் பிடிப்பது இரண்டே விஷயத்தில்: இடம், ஆள். வெந்நீரிலும் விரிப்பின் வெளுப்பிலும் கதவுப் பூட்டிலும் கை வைக்கமாட்டார். நம் ஊரில் மலிவு விடுதி என்றால் முதலில் அடிபடுவது சுத்தம். அங்கே அடிபடுவது சதுர அடி. இது புரிந்துவிட்டால், அறைக்குள் நுழைந்ததும் உனக்கு வரப்போகிற ஏமாற்றம் பாதியாகக் குறையும்.

ஒருவர் அறை 12, 13 சதுர மீட்டர் இருக்கும். நம் கணக்கில் 130, 140 சதுர அடி. கட்டில், ஒட்டினாற்போல் ஒரு மேஜை, அதன்மேல் டிவி, கீழே சின்ன ஃப்ரிட்ஜ், கெட்டில், சுவரில் நாலு கொக்கி. பெட்டியைத் தரையில் விரித்தால் நடக்க வழியிருக்காது. பெரும்பாலும் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். ‘செமி டபுள்’ என்று போட்டிருப்பதை இரண்டு பேருக்கான கட்டில் என்று நினைத்துவிடாதே. அகலம் 120 சென்டிமீட்டர் அளவுதான், கூடிப்போனால் 140. கல்யாணமான புதிதில் வேண்டுமானால் ஒத்துவரும். நீங்கள் இரண்டு பேரும் ‘ட்வின்’ என்றே கேட்டு எடுங்கள். இன்னொன்று, அங்கே வாடகையைப் பெரும்பாலும் அறையோடு ஆள் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் போடுவார்கள். ஒருத்தி பெயரில் பதிந்துவிட்டு இரண்டு பேராகப் போய் நிற்பது நம் ஊர்ச் சாமர்த்தியம். அங்கே அது பொய்க்கணக்கு. பதியும்போதே இரண்டு பேர் என்று கொடு. புகை பிடிக்கும் அறையும் இன்னும் பல விடுதிகளில் உண்டு. சில நூறு யென் குறைகிறதே என்று அதை எடுத்தால், உன் துப்பட்டா சென்னை திரும்பும்வரை நாறும்.

குளியலறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம்மவர்கள் தடுமாறுவது அங்கேதான். கழிப்பறை, முகம் கழுவும் தொட்டி, குளிக்கும் தொட்டி மூன்றும் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் வார்த்ததுபோல் இருக்கும். ‘யூனிட் பாத்’ என்பார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி நியூ ஒட்டானி ஓட்டலைக் கட்டியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளில் ஒவ்வொன்றாக ஓடு பதித்துக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தால் நாளுக்குள் முடியாது என்று தெரிந்தது. டோட்டோ கம்பெனி குளியலறையைத் தொழிற்சாலையிலேயே செய்து கொண்டுவந்து பொருத்தியது. அவசரத்துக்குப் பிறந்த அந்த ஏற்பாடு இன்று நாட்டின் சாதாரண விடுதிகள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. வாசலில் தரை ஒரு சாண் உயர்ந்திருக்கும். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கால் இடறும், பார்த்துப் போ. வாளி, குவளை தேடாதே. திரையைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு தொட்டிக்குள்ளேயே நின்று குளி. பழைய விடுதிகளில் முகத்தொட்டிக்கும் குளியல் தொட்டிக்கும் சேர்த்து ஒரே குழாய்தான், திருகு ஒன்று நடுவில் இருக்கும். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் திறந்தால் உடுத்திய துணியோடு அபிஷேகம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நமக்கு நிம்மதி. ஐரோப்பாவில் காகிதத்தோடு போராடியவர்களுக்கு ஜப்பான் கழிப்பறை சொர்க்கம். டோட்டோ 1980இல் கொண்டுவந்த, தண்ணீர் பீய்ச்சும் இருக்கை இந்தச் சின்ன அறைகளிலும் இருக்கும். பொத்தானில் ஜப்பானிய எழுத்து மட்டும் இருந்தால் கவலைப்படாதே, படமும் இருக்கும். நிறுத்தும் பொத்தான் எது என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்.

சில விடுதிகளில் பொதுக் குளியல் உண்டு. ‘டார்மி இன்’ என்ற விடுதிக் குழுமம் அதற்குப் பேர்போனது. ஆண் பெண் தனித்தனி. பெண்கள் பக்கக் கதவுக்குப் பல இடங்களில் எண் பூட்டு இருக்கும், செக்-இன் செய்யும்போது எண்ணைச் சொல்வார்கள். துணியில்லாமல்தான் இறங்க வேண்டும், நீச்சலுடைகூடக் கூடாது. முதலில் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்ட பிறகே வெந்நீரில் இறங்க வேண்டும். தலைமுடியை முடிந்துகொள், சின்னத் துண்டைத் தண்ணீரில் முக்காதே. கூச்சமாயிருந்தால் போகாமலே இருந்துவிடு. ஆனால் நாள் முழுக்க நடந்த காலுக்கு அதைப்போல் மருந்து வேறில்லை. ராத்திரி பதினொன்றுக்குமேல் கூட்டமும் குறைவு.

இடம் தேடும்போது அறையின் அளவைப் பார்க்காதே, ஸ்டேஷனிலிருந்து எத்தனை நிமிஷ நடை என்று பார். ஏழு நிமிஷத்துக்குமேல் என்றால் வேறு பார். டோக்கியோவில் உவேனோ உனக்குத் தோது. நரித்தா விமான நிலையத்திலிருந்து கெய்செய் ரயில் நேராக வந்து சேரும். ஹனேதாவில் இறங்கினால் கமாத்தா பக்கம். ‘டொயோகோ இன்’ என்ற பிசினஸ் ஓட்டல் குழுமம் தன் முதல் விடுதியை 1986இல் திறந்தது அந்தக் கமாத்தாவில்தான். அங்கே ஜே.ஆர். ரயில் ஸ்டேஷன் வேறு, கெய்க்யூ ரயில் ஸ்டேஷன் வேறு, இரண்டுக்கும் நல்ல நடை இருக்கிறது. எதற்குப் பக்கம் என்று பார்த்துப் பதி. ஒருவர் அறை 10,000 யென்னை ஒட்டிக் கிடைத்தால் நியாயமான விலை என்பேன். சனிக்கிழமை இரவு ஏறும். நவம்பர் கியோத்தோவில் இலை சிவக்கும் காலம், விலையும் சிவந்துதான் இருக்கும். பிடிவாதமாக அங்கேயே தங்காமல், ரயிலில் பத்து நிமிஷத் தூரத்தில் இருக்கும் ஒத்சுவில் எடு. ஒசாகாவில் எடுத்தாலும் விரைவு ரயிலில் அரைமணிதான். கியோத்தோவில் 2018 முதல் தங்கும் வரி வேறு வாங்குகிறார்கள்.

செக்-இன் பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்குத்தான். காலையிலேயே போனாலும் அறை கொடுக்கமாட்டார்கள், கெஞ்சவும் வேண்டாம். பெட்டியை மட்டும் வாங்கிவைத்துக்கொள்வார்கள், ஊர் சுற்றப் போய்விடு. பாஸ்போர்ட்டை நகலெடுப்பார்கள், வெளிநாட்டுப் பயணிகளுக்கு அது சட்டம், சந்தேகப்படாதே. டிப்ஸ் வைக்காதே, மறதியாக விட்டுப்போனாய் என்று பின்னாலேயே ஓடிவருவார்கள். பற்பசை, சீப்பு, இரவு உடை எல்லாம் பல இடங்களில் கீழே லாபியில் தட்டில் இருக்கும், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏற வேண்டும். துணி துவைக்கக் காசு போடும் மெஷின் இருக்கும். மூன்று செட் துணிக்குமேல் கட்டாதே.

சாப்பாடு. காலை உணவு பல விடுதிகளில் இலவசம், ஆனால் உன் தோழி சைவம். மிசோ சூப் பார்க்கச் சாது, அடியில் மீன் கருவாட்டுச் சாறு இருக்கும். டார்மி இன்னில் ராத்திரி இலவசமாகக் கொடுக்கும் நூடுல்ஸும் அவளுக்கு ஆகாது. பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டு போங்கள். கன்வீனியன்ஸ் ஸ்டோரில் வெந்த சாதம் டப்பாவில் விற்கும், மைக்ரோவேவில் இரண்டு நிமிஷம். சர்க்கரை சேர்க்காத தயிரும் கிடைக்கும். கெட்டிலில் தண்ணீர் தவிர எதையும் காய்ச்சாதீர்கள். அதில் மேகி வேகவைத்த நம் ஆட்களின் புகழ் ஏற்கெனவே பரவியிருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி கலந்த எதுவும் பெட்டியில் வேண்டாம், விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள்.

மின்சாரம் 100 வோல்ட், இரண்டு தட்டைக் கால் பிளக். இங்கேயே அடாப்டர் வாங்கிக்கொள். தலை உலர்த்தும் கருவியைச் சுமக்காதே, அறையில் இருக்கும்.

சுவர் மெல்லிசு. நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். உங்கம்மா இங்கே சாப்பாட்டுக் கடை முடித்து ஒன்பது மணிக்கு வீடியோ காலில் வந்தால், அங்கே நள்ளிரவு 12.30. ஸ்பீக்கரில் போட்டு அவள் ‘என்னடீ சாப்பிட்டே’ என்று கேட்பது பக்கத்து அறைக்காரருக்கும் கேட்கும். சாயங்காலமே பேசிவிடச் சொல், இல்லையேல் லாபிக்கு இறங்கி வந்து பேசு.

படுக்கும்முன் இரண்டு நிமிஷம் செலவழி. கதவின் உள்பக்கம் தப்பிக்கும் வழிப் படம் இருக்கும், ஒருமுறை பார். கட்டிலருகே டார்ச் மாட்டியிருக்கும். ஜன்னலில் சிவப்பு முக்கோணம் ஒட்டியிருந்தால் தீயணைப்பு வீரர் நுழையும் வழி என்று அர்த்தம், அதை மறைத்துப் பெட்டியை அடுக்காதே. நிலம் ஆடினால் லிஃப்ட் பக்கம் போகாதே. ஆம்புலன்சுக்கு 119, போலீசுக்கு 110.

கடைசியாகப் பெட்டி விஷயம். அங்கே தூக்க ஆள் வராது, ஸ்டேஷன் படிகளோ முடிவில்லாதவை. டோக்கியோவிலிருந்து ஒசாகா போகும்போது பெரிய பெட்டியை யமாட்டோ கம்பெனியின் கூரியரில் அனுப்பிவிடு. 1976 முதல் நடக்கிற சேவை. விடுதிக் கவுன்டரிலேயே வாங்கிக்கொள்வார்கள், மறுநாள் அடுத்த விடுதிக்குப் போய்ச் சேரும். ஒரு ராத்திரிக்கான துணியைத் தோள்பையில் வைத்துக்கொண்டு கையை வீசி ஷின்கான்சென் புல்லட் ரயில் ஏறலாம். படிவத்தில் எந்தப் பெயரில் அறை பதிந்திருக்கிறாயோ அதே பெயரையும், அங்கே செக்-இன் செய்யும் தேதியையும் எழுத வேண்டும். கவுன்டரில் கேட்டால் அவர்களே ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடுப்பார்கள்.

அன்புடன்,
பெரியப்பா