இருபத்தைந்து வருடக் கையெழுத்துக்கு முன்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. 

மாலில் குலுக்கல் கூப்பன் எழுதிப் போட்டதையும், பரிசு விழுந்திருக்கிறது என்று ஹோட்டலுக்குக் கூப்பிட்டு மூன்று மணி நேரம் பேசியதையும் போனில் சொன்னாய். கேளிக்கைப் பூங்காவை ஒட்டிய ரிசார்ட்டில் வருடத்துக்கு ஏழு ராத்திரி, 25 வருடம், 4 லட்சம் ரூபாய். இன்றைக்கே சேர்ந்தால் சலுகை என்றவர்களிடம் ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கேட்டு வந்தீர்கள் பார், அது நல்ல காரியம். மாப்பிள்ளையும் உட்கார்ந்து படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர வேண்டாம். இப்படி வருடத்தில் சில நாள் தங்கும் உரிமையை விற்கிற டைம்ஷேர் என்றாலே ஏமாற்று என்று சொல்லவில்லை. முறையாக நடத்துகிறவர்களும் உண்டு, சேர்ந்து நன்றாக அனுபவிக்கிற குடும்பங்களும் உண்டு. ஆனால் உங்கள் வயசுக்கும் வேலைக்கும் அது ஒத்துவராது.

இந்த வியாபாரம் 1960களில் ஐரோப்பாவில் தொடங்கியது. மலைப்பகுதி விடுதிகளில் ஒரே அறையைப் பல குடும்பங்களுக்கு வாரக்கணக்கில் பிரித்து விற்றார்கள். ஒரே இடத்துக்கு வருடா வருடம் போனால் சலித்துவிடும் என்பதால், ஒருவருடைய வாரத்தை இன்னொரு ஊரில் மாற்றிக்கொள்ள 1974-இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஐ. என்ற பரிமாற்ற நிறுவனம் வந்தது. இந்தியாவில் இதற்கு முன்னோடிகளில் சென்னையும் ஒன்று. அங்கே 1986-இல் தொடங்கிய ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ் கொடைக்கானல், ஊட்டி என்று மலையில் வாரங்களை விற்றது. மத்தியதரக் குடும்பங்கள் ஆசையாக வாங்கின. பின்னாளில் அந்த நிறுவனம் பணநெருக்கடியில் சிக்கி மீண்டது. 2014-இல் அதைத் தாமஸ் குக் இந்தியா வாங்குவதாக அறிவித்தது. 25 வருடம் என்பது ஒரு நிறுவனத்தின் ஆயுளிலும் நீண்ட காலம். யாரை நம்பிக் கையெழுத்துப் போடுகிறோமோ அவர்களே கடைசி வரை முதலாளியாக இருப்பார்கள் என்று எந்த விற்பனையாளரும் உறுதி சொல்ல முடியாது.

1996-இல் வந்த கிளப் மஹிந்திரா இன்று இந்தியாவில் பெரியது. உறுப்பினர் எண்ணிக்கை இரண்டரை லட்சத்துக்கும் மேல். அதன் வழக்கமான திட்டம் வருடத்துக்கு ஏழு ராத்திரியாக 25 வருடம். பருவங்களுக்கு ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் வைத்திருக்கிறார்கள். பள்ளி விடுமுறையும் பண்டிகையும் விலை கூடிய நிறத்தில் விழும், ஆளில்லாத மாதங்கள் மலிவான நிறத்தில் விழும். குறைந்த விலைக்கு வாங்கியவர் கோடை விடுமுறையில் அறை கேட்டால் கிடைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். உங்களிடம் சொன்ன 4 லட்சம் எந்தப் பருவத்துக்கு என்று நீ கேட்டாயா?

கேளிக்கைப் பூங்காவோடு சேர்ந்த டைம்ஷேருக்கு உலகத்திலேயே பெரிய எடுத்துக்காட்டு டிஸ்னி வெகேஷன் கிளப். 1991 டிசம்பரில் ஃபுளோரிடாவில் ஓல்டு கீ வெஸ்ட் என்ற ரிசார்ட்டோடு தொடங்கியது. வாங்குபவருக்கு வருடா வருடம் இத்தனை புள்ளிகள் என்று கிடைக்கும். அறைக்கும் பருவத்துக்கும் தக்கபடி அந்தப் புள்ளிகளைச் செலவழிக்க வேண்டும். தன் சொந்த ரிசார்ட்டில் 11 மாதம் முன்பும், மற்ற ரிசார்ட்டுகளில் 7 மாதம் முன்பும் பதிவு செய்யலாம். அங்கே உரிமை பத்திரமாகப் பதிவாகிறது, விற்கவும் வாங்கவும் ஒரு சந்தை இருக்கிறது. வருடா வருடம் போகிற குடும்பங்களுக்கு அதே ரிசார்ட்டின் அன்றாட வாடகையோடு ஒப்பிட்டால் நல்ல மிச்சம்தான்.

அதிலும் நான்கு சங்கதிகளைக் கவனி. முதல் ரிசார்ட்டின் மூல ஒப்பந்தம் 2042 ஜனவரி 31-இல் முடிகிறது. அதை நீட்டிக்காதவர் கையில் அதன்பின் எதுவும் இராது. பூங்காவின் நுழைவுச் சீட்டு விலையில் சேராது, தனியாக வாங்க வேண்டும். 150 புள்ளி வைத்திருப்பவர் பராமரிப்புக்கு மட்டும் வருடம் ஆயிரம் டாலருக்கு மேல் கட்டுகிறார். 2020-இல் கொரோனாவுக்காகப் பூங்கா மார்ச் நடுவிலிருந்து ஜூலை வரை மூடிக் கிடந்தபோதும் அந்தக் கட்டணம் நிற்கவில்லை. இவ்வளவுக்கும் மேலே, விதிகளை மாற்றும் அதிகாரம் நிறுவனத்திடம் இருக்கிறது. 2019 ஜனவரி 19 முதல் பழைய ரிசார்ட்டுகளின் உரிமையை மறுவிற்பனையில் வாங்கியவர்கள், அதற்குப் பின் திறந்த ரிவியரா போன்ற புதிய ரிசார்ட்டுகளில் அந்தப் புள்ளிகளைப் பயன்படுத்த முடியாது என்று டிஸ்னி விதித்தது. பத்திரமும் சந்தையும் உள்ள இடத்திலேயே இப்படி.

சரி, நம் கணக்குக்கு வருவோம். சேர்க்கைத் தொகை 4 லட்சம். பராமரிப்புக் கட்டணம் வருடத்துக்கு 20,000 என்றாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 23,600. அந்த 4 லட்சத்தை 7 சதவீதத்துக்கு வங்கியில் போட்டால் வருடம் 28,000 வட்டி வரும். சேராத குடும்பத்தின் கையில் வட்டியும் மிச்சமான கட்டணமுமாக வருடத்துக்கு 51,600 ரூபாய் இருக்கும், முதலும் பத்திரமாகக் கிடக்கும். சேர்ந்த குடும்பத்துக்கு 25 வருடம் கழித்துப் போட்ட முதலிலிருந்து ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. அந்த முதலையும் 7 சதவீத வட்டியோடு 25 வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்குச் சுமார் 34,300 ஆகிறது. பராமரிப்பையும் கூட்டினால் 57,900. ஏழால் வகுத்தால் ராத்திரிக்குக் கிட்டத்தட்ட 8,270 ரூபாய்.

அதுவும் ஏழு ராத்திரியையும் விடாமல் தங்கினால்தான். லீவு கிடைக்காமல் நாலே ராத்திரியில் திரும்பினால் ராத்திரிக்கு ஏறக்குறைய 14,500 ஆகிவிடும். சாப்பாடு, பயணம், பூங்கா டிக்கெட் இதில் எதுவும் சேரவில்லை. தவணையில் கட்டினால் வட்டி வேறு.

பராமரிப்புக் கட்டணமும் நின்ற இடத்தில் நிற்காது. வருடம் 5 சதவீதம் ஏறினால் போதும், இன்றைய 23,600 இருபத்தைந்தாவது வருடத்தில் 76,000-ஐத் தாண்டியிருக்கும். ஹோட்டல் வாடகையும் அப்படித்தானே ஏறும் என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். உண்மைதான், ஏறும். ஆனால் வாடகை ஏறினால் அந்த வருடம் சின்ன விடுதிக்குப் போகலாம், குற்றாலத்தில் இரண்டு நாள் குளித்துவிட்டு வரலாம், வீட்டிலேயே இருந்துவிடலாம். வாடகைக்குப் போகிறவர்களுக்கு அந்த முடிவு வருடா வருடம் சொந்தக் கையில் இருக்கிறது. பராமரிப்புக் கட்டணம் அப்படியில்லை. வேலை போன வருடமும், வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாத வருடமும், பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய வருடமும் அது வந்து நிற்கும்.

பிள்ளைகளை நினைத்துப் பார். பெரியவனுக்கு ஏழு, சின்னவளுக்கு நாலு. ராட்டினமும் நீர்ச்சறுக்கும் கண்ணை நிறைக்கிற வயசு இன்னும் எட்டு, ஒன்பது வருடம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ என்று வந்தால் ஏப்ரல் முழுக்கப் படிப்புக்கே போகும். ஒப்பந்தம் முடியும்போது பெரியவனுக்கு 32. பூங்காவுக்காக வாங்குகிற உரிமையில் மூன்றில் இரண்டு பங்கு, பூங்கா தேவைப்படாத வருடங்களுக்குக் கொடுக்கிற பணம். பெங்களூரு வண்டர்லா வளாகத்திலேயே ரிசார்ட் இருக்கிறது, எவரும் இரண்டு ராத்திரிக்கு வாடகை கொடுத்துத் தங்கலாம். அந்த எட்டு வருடத்துக்கு அதுவே தாராளம்.

நம் ஊர் கயத்தாற்றில் காற்றாலை வந்த காலத்தில், கம்பெனிக்காரர்கள் நிலம் கேட்டபோது எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள்கூட என்ன கேட்டார்கள்? கிரயமா, குத்தகையா? எத்தனை வருடம்? பாதை யாருக்கு? முடிந்தபின் நிலம் யார் பேரில்? சர்வே எண்ணும் பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் யாரும் ரேகை வைக்கவில்லை. அதே கேள்விகளை இந்த ரிசார்ட் காகிதத்திடம் கேட்டுப் பார். நம் நாட்டில் இப்படி விற்கப்படும் பெரும்பாலான உறுப்பினர் திட்டங்களில் கட்டடத்தில் வாங்கியவருக்குப் பங்கு இல்லை, சார்பதிவாளர் அலுவலகத்தில் எதுவும் பதிவாவதில்லை, அடமானம் வைக்க முடியாது. அறை காலியாக இருந்தால் தங்கலாம் என்ற அனுமதியைத்தான் 25 வருடத்துக்கு முன்பணம் கொடுத்து வாங்குகிறோம். சொத்து என்று அவர்கள் சொன்னதை நீயும் போனில் இரண்டு முறை சொன்னாய். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பணம் பெருகித் திரும்பி வரும் என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். மும்பையின் பான்கார்டு கிளப்ஸ் ஹோட்டல் அறை ராத்திரிகளை விற்றது. தங்காதவர்களுக்குக் காலம் முடிந்ததும் கூடுதல் தொகை திரும்பக் கிடைக்கும் என்றது. 51 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 7,035 கோடி ரூபாய் திரட்டியிருந்தது. இது விடுமுறைத் திட்டமே இல்லை, அனுமதியில்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று சொல்லி, முழுப் பணத்தையும் திருப்பித் தரும்படி பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2016 பிப்ரவரியில் உத்தரவிட்டது. உத்தரவு வந்தும் போட்டவர்கள் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய வருடம் ராயல் ட்விங்கிள் ஸ்டார் கிளப் மீதும் இதே காரணத்துக்காகச் செபி உத்தரவு போட்டது.

யாருக்கு இது ஒத்துவரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளின் படிப்புச் செலவு முடிந்து, எந்த மாதமும் கிளம்பக்கூடியவர்கள், ஏழெட்டு மாதம் முன்பே திட்டமிடுகிற பழக்கம் உள்ளவர்கள், வருடா வருடம் ஒரு வாரம் எப்படியும் வெளியூர் போகிறவர்கள், கடன் வாங்காமல் முழுத் தொகையைக் கட்டக்கூடியவர்கள். இவர்களுக்குக்கூடப் புதிதாக வாங்குவதைவிட, விட்டுவிட நினைக்கிற பழைய உறுப்பினரிடமிருந்து நிறுவனத்தின் ஒப்புதலோடு மாற்றி வாங்குவது மலிவாக அமையும். ஆனால் உங்கள் இருவருக்கும் வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு லீவு. போன வருடம் அம்மா வீட்டுக் கோயில் கொடைக்கே மாப்பிள்ளையால் வர முடியவில்லை.

சட்டத்தைப் பற்றியும் தெரிந்துகொள். ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேர் வாங்கியவர் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் விலகலாம், அந்த 14 நாளில் முன்பணம் வாங்கவே கூடாது. ஃபுளோரிடாவில் 10 நாள். நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. சில நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே சில நாள் அவகாசம் தருகின்றன. அது எழுத்தில் இருந்தால்தான் உண்டு. சிக்கல் வந்தால் கைகொடுப்பது 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். ஆணையங்களுக்கு வரும் டைம்ஷேர் வழக்குகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரே தகராறு. வாயால் சொன்னது ஒன்று, காகிதத்தில் இருந்தது வேறு. காகிதத்தில் இல்லாததை நிரூபிப்பது மிகவும் கடினம்.

இவ்வளவும் படித்த பிறகும் மாப்பிள்ளைக்கு ஆசை இருந்தால், ஞாயிற்றுக்கிழமை பணம் எதுவும் கொடுக்காமல் போய் ஒப்பந்த நகலை மட்டும் வீட்டுக்குக் கேளுங்கள். அதில் பார்க்க வேண்டியவை இவை: எந்தப் பருவம், எத்தனை மாதம் முன்பு பதிவு, பராமரிப்புக் கட்டணம் வருடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு ஏறலாம், தங்காத ராத்திரி அடுத்த வருடத்துக்குச் சேருமா, பூங்கா டிக்கெட் உண்டா, கட்டணம் கட்டாவிட்டால் என்ன ஆகும், நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பும், நிறுவனம் கைமாறினால் யார் பொறுப்பு. நகல் தர மாட்டோம், இங்கேயே படித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றால் பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கிரெடிட் கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

நகல் கிடைத்தால் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பத்திர ஆபீஸில் வேலை பார்த்த பழக்கத்தில் ஒரே ராத்திரியில் படித்துவிடுவேன். மறுநாள் மூவரும் போனில் உட்கார்ந்து பேசலாம். வேண்டாம் என்று முடிவானால், அந்த 4 லட்சத்தை இரண்டு பிள்ளைகள் பேரிலும் வங்கியில் போடுங்கள். வருகிற வட்டியில் இந்தக் கோடைக்கு எங்கே போகலாம் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
பெரியம்மா
கயத்தாறு