ஒன்றாம் வகுப்புக்குப் போகும் டீச்சருக்கு

விழுப்புரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. மண்டகப்பட்டுக்குப் பக்கத்தில் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் உனக்கு ஆர்டர் வந்திருக்கிறது, ஒன்று முதல் மூன்று வரை நீதான் டீச்சர் என்று அம்மா போனில் சொன்னாள். இந்தக் குட்டிப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷத்தில் அப்படி என்ன சொல்லிக்கொடுத்துவிட முடியும் என்று அவளிடம் கேட்டாயாமே. போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2012-13இல் இருந்து வருஷத்தை மூன்று பருவமாகப் பிரித்துப் பருவத்துக்கொரு புத்தகம் தருகிறார்கள். செப்டம்பரில் ஒன்று முடிய வேண்டும், டிசம்பரில் இன்னொன்று. புத்தகம் முடிந்துவிடும், அதில் சந்தேகம் வேண்டாம். பிள்ளைகள்தான் ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். ஜூனில் உன் எதிரே உட்காருகிறவர்களில் அங்கன்வாடியில் பாட்டுப் பாடிப் பழகியவன் இருப்பான். எல்.கே.ஜி. போய்விட்டு வந்து ஏ பி சி டி ஒப்பிக்கிறவன் இருப்பான். பென்சிலையே தொடாதவள் இருப்பாள். அப்பா அம்மா செங்கல் சூளையிலிருந்து திரும்பாததால் ஜூலையில் வந்து சேருகிறவனும் இருப்பான். இவர்கள் எல்லாருக்கும் அன்றைக்கு ஒரே பக்கம்தான்.

முதல் மாதம் எழுத வைக்காதே. பேச வை. வீட்டில் வாய் ஓயாத பிள்ளை வகுப்பில் பெயர் கேட்டால் சுவரைப் பார்க்கும். அதன் வாயைத் திறக்கக் காலைச் சாப்பாட்டு நேரத்தைவிட நல்ல நேரம் இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு இருக்கிறதல்லவா, அவர்களோடு போய் உட்கார். உப்புமாவில் என்னென்ன கிடக்கிறது, யார் வீட்டு ஆடு குட்டி போட்டது, யார் தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் என்று தானாக வரும். அங்கே பேசியதை எடுத்து வகுப்பில் தொடர்ந்தால் பாதி வேலை முடிந்தது. கைக்குப் புளியங்கொட்டையும் களிமண்ணும் கொடு. விரல் பழகாமல் பென்சில் பிடித்தால் தோளிலிருந்து எழுதுவார்கள், பத்து நிமிஷத்தில் கை வலிக்கிறது என்பார்கள்.

செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. அட்டை, ஏணிப்படி என்று அதைப் பலரும் பலவிதமாகக் குறை சொன்னார்கள். எனக்கும் சில குறைகள் உண்டு. ஆனால் சுவரின் அடியில், பிள்ளை தரையில் உட்கார்ந்தபடியே எழுதுகிற உயரத்தில் ஒரு கரும்பலகை வந்ததே, அதற்கு ஈடு எதுவும் இல்லை. உன் பள்ளியில் அது இன்னும் இருந்தால் வெள்ளையடிக்க வருகிறவர்களை அதன் பக்கம் விடாதே.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி. நோட்டைப் பார்த்து ஏமாறாதே. ஆகஸ்ட் மாதம் ஒரு நோட்டைத் திறப்பாய். முத்து முத்தாக ஒரு பக்கம் நிறைய ‘படம்’ என்று எழுதியிருக்கும். பெற்றோருக்குச் சந்தோஷம், மேற்பார்வைக்கு வருகிறவருக்கும் சந்தோஷம். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் இருக்கிற ‘ட’வை மட்டும் தொட்டு இது என்ன என்று கேள். முழிக்கும். அது எழுத்தை எழுதவில்லை, கோடுகளைப் பார்த்து வரைந்திருக்கிறது. வரிசையாக அ, ஆ, இ, ஈ சொல்லச் சொன்னால் ஔ வரை ராகம் போட்டுச் சொல்லும். அது பாட்டு. வரிசையைக் கலைத்துக் கேட்டால்தான் தெரியும். தினமும் இரண்டு மூன்று பேரை இப்படித் தனியாகக் கேள். வாரத்துக்குள் எல்லாரையும் பார்த்துவிடலாம்.

247 எழுத்து என்று நீயும் பயப்படாதே, அவர்களையும் பயமுறுத்தாதே. உயிரும் மெய்யும் சேர்ந்து முப்பது, அதன்மேல் குறிகள். கால், கொக்கி எல்லாம் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். சறுக்குகிற இடங்கள் எனக்குத் தெரிந்து மூன்று. ஒன்று புள்ளி. ‘படம்’ என்பதை ‘படம’ என்று படிப்பார்கள். புள்ளி இருக்கிறதும் இல்லாததும் அவர்கள் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். இரண்டாவது, உகர ஊகார வரிசை. கு, சு, து, நு, டு என்று சத்தம் ஒன்றுதான், ஆனால் வடிவம் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. இதற்குச் சூத்திரம் கிடையாது, நாள்தான் வேண்டும். புத்தகம் எத்தனை நாள் ஒதுக்கினாலும் நீ அதற்கு இரண்டு மடங்கு எடுத்துக்கொள். மூன்றாவது கொம்பு. எழுத்தில் முன்னால் நிற்கும், சத்தத்தில் பின்னால் வரும். ‘கொடி’யைக் காட்டினால் ‘கெ... கா... டி’ என்று படிக்கிற பிள்ளை மக்கு இல்லை, இடமிருந்து வலமாக நீ சொல்லிக்கொடுத்தபடியே ஒழுங்காகப் படிக்கிறது. அதைத் திட்டிவிட்டால் அடுத்த தடவை வாயே திறக்காது. ல, ள, ழ குழப்பத்தை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடு. நம் ஊரில் பெரியவர்களுக்கே அது வரவில்லை.

இரண்டாம் பருவம் மழையோடு வரும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியதும் ஊரெல்லாம் தண்ணீர் நின்றதும் உனக்கு ஞாபகம் இருக்கும். நம் மாவட்டத்தில் நவம்பர், டிசம்பர் நாட்காட்டியை நம்பித் திட்டம் போடக் கூடாது. லீவு விட்டுத் திரும்பும்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டு வாரப் படிப்பை மறந்திருக்கும். கோபப்படாமல் பின்னால் போய் எடுத்து வா. ஆச்சரியம் என்னவென்றால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவே, இந்த நசநசப்பிலேயே, சில பிள்ளைகளுக்கு வாசிப்பு கூடிவரும். எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தது ஒருநாள் பஸ் போர்டைப் பார்த்து ‘செஞ்சி’ என்று முழுசாகச் சொல்லும். எல்லாருக்கும் அப்போதே வராது. சிலருக்கு ஏப்ரல், சிலருக்கு இரண்டாம் வகுப்பு.

பள்ளியே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்ணால் பார்த்தோம். கொரோனா வந்த 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளைகள் 2021 நவம்பர் வரை வகுப்பறையைப் பார்க்கவில்லை. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று நம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில்தான் தொடங்கிவைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்கு வந்த வருஷம், 2022 ஜூனில், எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நீ இப்போது பயிற்சியில் கேட்கிற நிலைகள் எல்லாம் அதில் உள்ளவை. வகுப்பு எதுவானாலும் பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து தொடங்கு என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த அம்சம். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் ஒரே அறையில் உட்காரும் உன் பள்ளிக்கு அது நன்றாகவே பொருந்தும். செயலியில் ஏற்றுகிற வேலையை மட்டும் பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு வைத்துக்கொள்.

கணக்கிலும் இதே ஏமாற்று உண்டு. நூறு வரை கடகடவென்று சொல்லும் பிள்ளையிடம் ஏழு கல் எடுத்துக் கொடு என்று கேள், கை நிறைய அள்ளித் தரும். இருபத்தைந்தை எழுதச் சொன்னால் 205 என்று எழுதும். இருபதும் ஐந்தும் அதன் காதில் விழுந்தபடி எழுதுகிறது, அவ்வளவுதான். பலகையில் ஒன்று, பத்து என்று கட்டம் போட்டு விளக்கிப் பயன் இல்லை. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வை. கட்டு இரண்டு, உதிரி ஐந்து. அதே கட்டைப் பிரித்துத்தான் கழித்தலையும் சொல்லிக்கொடுக்க வேண்டும், கடன் வாங்குகிற கதையெல்லாம் அப்புறம். எண்பத்தொன்பது முடிந்து தொண்ணூறு வரும்போது ஒரு தடுமாற்றம் இருக்கும். அது தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் உண்டு.

பொங்கல் முடிந்தால் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பங்கள் கிளம்பும். யார் யார் போவார்கள் என்று டிசம்பரிலேயே விசாரித்துவிடு. அந்தப் பிள்ளைகளுக்கு வாசிப்பையும் கூட்டலையும் முதலில் முடி, மற்றப் பாடம் காத்திருக்கட்டும். அவர்களுடைய எமிஸ் அடையாள எண்ணை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி அம்மாக்கள் கையில் கொடு. போகிற ஊர்ப் பள்ளியில் சேர்ப்பதற்கு அது உதவும்.

வெயில் ஏறுவதற்குமுன், பிப்ரவரியில் ஒருநாள், பிள்ளைகளை மண்டகப்பட்டு மகேந்திரவர்மன் குகைக்கோயிலுக்குக் கூட்டிப் போ. பக்கத்திலேயே இருப்பதால் யாரும் காட்ட மாட்டார்கள். சுமார் 1,400 வருஷத்துக்கு முன்னால் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் எடுத்த கோயில் என்று அங்கே கல்வெட்டே இருக்கிறது. அந்தக் கதையை மூன்றாம் வகுப்புக்குச் சொன்னால் போதும். சின்னவர்களை எண்ண விடு: உள்ளே அறை எத்தனை, இரண்டு ஓரத்திலும் நிற்கிற காவல்காரர்கள் எத்தனை பேர், கையில் என்ன வைத்திருக்கிறார்கள். தூணைத் தடவிப் பார்க்கச் சொல். மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. வடிவங்களை அட்டையில் வெட்டிக் காட்டுவதைவிட இது மேல். எழுத்தைக் காட்டி இது தமிழா டீச்சர் என்று யாராவது கேட்பான். கிரந்தம் என்று சொல்லிவிடு. அவன் கேட்டதைக் குறித்து வைத்துக்கொள், எழுத்தைக் கவனிக்கத் தெரிந்த பிள்ளை அவன்.

ஏப்ரலில் மார்க் போடுவதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு வரி எழுதி வை: எதைத் தானாக வாசிக்கிறது, எங்கே நிற்கிறது, எதற்குப் பயப்படுகிறது. அடுத்த வருஷமும் நீயே டீச்சராக இருந்தால்கூட ஜூனில் அது உனக்கு வேண்டியிருக்கும்.

ஈர்க்குச்சிக் கட்டுகளும் புளியங்கொட்டை டப்பாவும் பரண்மேல் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வா, எடுத்துத் தருகிறேன். ரப்பர் பேண்டு எல்லாம் இற்றுப்போயிருக்கும், வரும் வழியில் புதுசாக ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வா.

அன்புடன்,
பெரியம்மா