நம்பிக்கைகளும் உண்மைகளும்: சொற்ப விலையில் ஒரு ஹெட்போன்

மரக்காணத்து உப்பளங்களில் உப்பு விளையும் மாதங்களும், சுற்றுவட்டார ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவையொட்டித் தெருக்கூத்து நடக்கும் மாதங்களும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. பகலெல்லாம் பாத்தியில் உப்பு வாரியவர்கள் இரவெல்லாம் கூத்துக்களத்தின் முன்னே அமர்ந்திருக்கும் அந்தப் பருவத்தில், முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் கட்டியங்காரனின் வசனமும் கைப்பேசியில் பதிவாகிப் பின்னர் யாரோ ஓர் இளைஞனுடைய வீட்டு மடிக்கணினியில் செப்பனிடப்படுகின்றன. மிக்சிங் எனப்படும் இவ்வேலைக்கு நல்ல ஸ்பீக்கர்களும் எதிரொலி அடக்கிய அறையும் உத்தமம் என்பதில் சந்தேகமில்லை. அவை இரண்டும் வாய்க்காத வீட்டில் ஹெட்போனே கதி. அதைப் பற்றி வழங்கும் தவறான அபிப்பிராயங்கள் ஏழைக் கலைஞனை வட்டிக்குக் கடன் வாங்கவும் வைக்கின்றன என்பதால், அவற்றை விரிவாகவே ஆராய வேண்டியிருக்கிறது.

விலை ஏற ஏற ஒலி உண்மையாகும் என்பது அவற்றுள் தலையாய நம்பிக்கை. 2017-ஆம் ஆண்டில் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் சஞ்சிகையில் ஜெரோன் பிரேபார்ட் என்பவர், 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவீடுகளை அவற்றின் கடை விலையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பேதும் காணவில்லை என்று எழுதினார். கூடுதல் பணத்துக்கு உறுதியும் மெத்தையின் சுகமும் பெயரும் கிடைக்கலாம். சமனான ஒலி கிடைக்கும் என்பதற்கு விலைச்சீட்டு சாட்சியாகாது. 1991-இல் வெளிவந்த சோனி எம்டிஆர்-7506 இன்றளவும் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்குவதற்குக் காரணம், அதன் குணமும் குற்றமும் ஒலிப்பதிவாளர்களுக்கு மனப்பாடமாகியிருப்பதே. 1978-இல் வீட்டு உபயோகத்துக்கென யமஹா வெளியிட்ட என்எஸ்-10 ஸ்பீக்கர் வீடுகளில் எடுபடாமற்போய், உலகெங்கும் மிக்சிங் மேஜைகளில் நிலைபெற்ற சரித்திரமும் இதையே காட்டுகிறது. ஆடியோ-டெக்னிகாவின் எம்20எக்ஸ் போன்ற எளிய சாதனம் ஒன்றை வாங்கி, தனக்கு நன்கு தெரிந்த பாடல்களை அதில் திரும்பத் திரும்பக் கேட்டு, அது எந்த ஸ்தாயியை மிகைப்படுத்துகிறது, எதை விழுங்குகிறது என்று அறிந்துகொண்டவன், விலையுயர்ந்த அந்நிய சாதனத்தை முதல்நாள் மாட்டிக்கொண்டவனைவிட நம்பகமாக வேலை செய்வான்.

பெட்டியின்மேல் 5 முதல் 35,000 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்குவதும் வீண். மனிதச் செவிக்கு எட்டுவது சுமார் 20 முதல் 20,000 வரை; அதற்குள் எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் பள்ளம் என்பதை அந்த இரண்டு எண்கள் சொல்வதேயில்லை.

பின்புறம் திறந்த ஹெட்போனே மிக்சிங்குக்கு ஏற்றது, மூடியது ஆகாது என்ற கூற்றில் பாதி உண்மை உண்டு. நிசப்தமான அறையில் திறந்த வகை விசாலமாகவும் இயல்பாகவும் ஒலிக்கும். கடற்காற்றும் மின்விசிறியும், உப்புநீர் இறைக்கும் மோட்டாரும், கிழக்குக் கடற்கரைச் சாலையின் லாரிகளும் இடைவிடாமல் கேட்கும் வீட்டிலோ அந்த விசாலம் வழியாகவே வெளியிரைச்சலும் உள்ளே புகும். அங்கே மூடிய வகையை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூடிய வகை காதைச் சுற்றிக் காற்றுப் புகாமல் படிய வேண்டும் என்பது நிபந்தனை. மூக்குக்கண்ணாடியின் காம்போ தலைமயிரோ இடையில் சிக்கினாலும், வியர்வையிலும் ஈரக் காற்றிலும் மெத்தையின் மேல்தோல் செதில் செதிலாக உரிந்துபோனாலும், அந்தச் சந்தின் வழியே தாழ்ந்த ஸ்தாயிகள் கசிந்துவிடுகின்றன. கேட்பவன் மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்ததாக எண்ணி அதைக் கூட்டுகிறான். அதே பாட்டு இன்னொருவர் ஸ்பீக்கரில் பொம்மென்று வீங்கி ஒலிக்கிறது. ஆகவே மெத்தை தனியாக விலைக்குக் கிடைக்கிறதா என்று விசாரிப்பது, எத்தனையோ விசேஷங்களைப் படிப்பதைவிடப் பயனுள்ளது. உப்புக்காற்றில் பித்தளைப் பாகங்களில் களிம்பேறும் என்பது இவ்வூரார்க்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று; ஹெட்போனின் முனையையும் அவ்வப்போது துடைத்து, மூடிய டப்பாவில் வைக்க வேண்டும்.

ஹெட்போனின் மின்மறுப்பைக் குறிக்கும் ஓம் எண் உயர்ந்தால் தரமும் உயரும் என்பது வெறும் பிரமை. பேயர்டைனமிக் டிடி 990 புரோவின் 250 ஓம் வகையைச் சாதாரணக் கைப்பேசியில் செருகினால் போதிய ஒலி எழும்பாமல் தனியாக ஆம்ப்ளிஃபையர் வாங்க நேரும். புளூடூத்தும் இவ்வேலைக்கு உதவாது; வாசித்ததற்கும் கேட்பதற்கும் இடையே விழும் தாமதம் தாளத்தையே குலைத்துவிடும். கம்பியுள்ளதே நல்லது.

சத்தமாக வைத்தால்தான் குறைகள் தெரியும் என்ற நம்பிக்கையை மிகுந்த கவலையோடு மறுக்க வேண்டியிருக்கிறது. ஒலி மிகும்போது தாழ்ந்த ஸ்தாயிகள் நம் செவிக்கு விகிதம் மீறிப் பெருத்துத் தோன்றுகின்றன என்பதை 1933-ஆம் ஆண்டிலேயே பிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினர். ஆகையால் உரத்து வைத்துக் கேட்பவனுக்குத் தன் கலவை எப்போதும் செழுமையாகவே படும். மேலும் மனிதச் செவி 3,000, 4,000 ஹெர்ட்ஸ் அளவில் மிகக் கூர்மையானது. முகவீணையின் குத்தும் நாதம் வந்து தைக்குமிடமும் அதுவே. இராத்திரி நெடுநேரம் அதை உரக்கக் கேட்ட காது களைத்து மரத்துப்போய், இன்னும் கூர்மை வேண்டும் என்று பொய் சொல்லும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்குள் இருக்கவேண்டும், 90 டெசிபலானால் 4 மணி நேரந்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஹெட்போனை மாற்றிக்கொள்ளலாம், கெட்ட செவியை மாற்ற வழியில்லை.

இறுதியாக, ஹெட்போனில் இனித்தது ஊருக்கும் இனிக்கும் என்ற நம்பிக்கை. இடப்புற ஹெட்போனின் ஒலி வலக்காதுக்கு எட்டுவதேயில்லை. ஆதலால் ஆர்மோனியத்தை இடப்பக்கமும் முகவீணையை வலப்பக்கமும் ஒதுக்கியவனுக்கு இரண்டும் தெளிவாகத் தனித்துக் கேட்கின்றன. கோயில் வாசலில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலோ இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்து, ஒரே ராகத்தை வாசிக்கும் அவ்விரண்டு வாத்தியங்களும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. ஹெட்போனில் அத்தனை கம்பீரமாயிருந்த தாழ்ந்த ஒலியை அந்தக் குழாய் எழுப்புவதுமில்லை. இதற்குச் செலவில்லாத பரிகாரம் உண்டு. மென்பொருளிலுள்ள மோனோ பொத்தானை அழுத்தி, பாடகரின் ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா என்று பார்த்து, பிறகு கைப்பேசியின் சிறு ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேட்டு, மறைந்த வாத்தியத்தை அங்கேயே திருத்திக்கொள்ள வேண்டும். ரேடியோ செட் வைத்திருப்பவர் பழக்கமானவராயிருந்தால், விழாவுக்கு முந்தைய மாலையில் அவருடைய குழாயிலேயே ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிடலாம்.