வாட்டர் ஹீட்டர் மாற்றப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!



முன்பெல்லாம் நம் வீடுகளில் செம்புப் பாய்லரும் விறகு அடுப்பும் இருந்தன. இன்று சுவிட்சைத் தட்டினால் வெந்நீர். வசதிதான். ஆனால் அந்த ஹீட்டர் பழுதானவுடன் கடைக்கு ஓடி, பெட்டியில் போட்டிருக்கும் விலையை மட்டும் பார்த்து வாங்கி வந்துவிடுகிறோம். உண்மையான செலவு பெட்டியில் இல்லை. தண்ணீரிலும் சுவருக்குள்ளும் இருக்கிறது. எலக்ட்ரிகல் டிப்ளமோ மாணவன் என்ற முறையில், காந்திபுரத்தில் என் பெரியம்மா வீட்டு ஹீட்டரைக் கழற்றிப் பார்த்ததை உதாரணமாக வைத்து இதை விளக்க முயல்கிறேன்.

"ஏங்கண்ணு, இது ஏழு வருசமா ஓடுது. எத்தன நேரம் போட்டாலும் வெதுவெதுன்னுதான் வருது. பேசாம புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டரலாமா?" என்றார் பெரியம்மா.

"அவசரப்படாதீங்க பெரியம்மா. மொதல்ல இதுக்கு என்ன தண்ணி போகுதுன்னு சொல்லுங்க."

"குடிக்கறதுக்குத்தான் நல்ல தண்ணி. பாத்ரூமுக்கெல்லாம் போர் தண்ணிதான் கண்ணு."

பாதி விடை அதிலேயே வந்துவிட்டது!

தண்ணீர் செய்யும் வேலை

கோவையில் பல வீடுகளில் இரண்டு குழாய் உண்டு. ஒன்றில் சிறுவாணி அல்லது பில்லூர் தண்ணீர். மற்றதில் போர்வெல் உப்புத் தண்ணீர். மாடித் தொட்டிக்கு ஏறுவது பெரும்பாலும் இரண்டாவதுதான். குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருக்கலாம் என்கிறது. வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை. கடின நீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் பிரிந்து, கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. நாம் சுண்ணாம்பு என்று சொல்வது இதைத்தான்.

இது எலிமெண்ட்டின் மேல் போர்வை மாதிரி மூடிவிடும். வெப்பம் தண்ணீருக்குப் போவது தாமதமாகி, பக்கத்தில் இருக்கும் தெர்மோஸ்டாட் குழாய் முதலில் சூடாகும். தொட்டி முழுதும் சூடாகும் முன்பே தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்திவிடும். நாமோ ஹீட்டரே போச்சு என்று நினைக்கிறோம்.

தொட்டிக்குள் மெக்னீசியம் ஆனோட் என்று ஒரு கம்பியும் உண்டு. தான் அரிபட்டுத் தொட்டியைத் துருப்பிடிக்காமல் காப்பது அதன் வேலை. அது தீர்ந்துவிட்டால் அடுத்து அரிபடுவது தொட்டிதான். பெரியம்மா வீட்டு ஹீட்டரில் ஒரு மக் நிறையச் சுண்ணாம்பு வந்தது. ஆனோட் இருந்த இடத்தில் வெறும் நடுக்கம்பி மட்டும்! நல்ல வேளையாகத் தொட்டி கெடவில்லை.

மாற்றுவதா, ரிப்பேரா?

1. சூடு குறைவு, தாமதம்: எலிமெண்ட், தெர்மோஸ்டாட், ஆனோட் பார்த்தால் போதும்.
2. தொட்டால் ஷாக், அடிக்கடி டிரிப்: உடனே நிறுத்த வேண்டும். எலிமெண்ட் இன்சுலேஷனையும் எர்த்தையும் சோதிக்க வேண்டும்.
3. உடம்பின் அடியிலிருந்து துருத்தண்ணீர் ஒழுகுதல்: தொட்டி ஓட்டை. இதற்கு மட்டுமே புது ஹீட்டர் கட்டாயம்.

எத்தனை லிட்டர் வேண்டும்?

வகுப்பில் படித்த கணக்குதான். 1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி உயர்த்த 4.186 கிலோஜூல் வேண்டும். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த, 15 × 4.186 × 35 = சுமார் 2,200 கிலோஜூல். அதாவது 0.61 யூனிட். 2 கிலோவாட் ஹீட்டருக்கு ஏறக்குறைய 18 நிமிடம்.

குளிக்க 40 டிகிரி போதும். 60 டிகிரி வெந்நீரோடு 25 டிகிரி பச்சைத் தண்ணீரைக் கலந்தால், 20 லிட்டர் வாளிக்கு வெந்நீர் சுமார் 8.6 லிட்டர்தான் தேவை. ஆக 15 லிட்டர் தொட்டி ஒன்றே முக்கால் வாளிக் குளியல் தரும். இருபது நிமிடத்தில் மறுபடி தயார். வாளியில் குளிக்கும் நாலு பேர் குடும்பத்துக்கு இது தாராளம். ஷவர் என்றால் 25 லிட்டர் பார்க்கலாம். தேவைக்கு மேல் பெரிய தொட்டி வாங்கி நாள் முழுக்கப் போட்டு வைத்தால், யாரும் குளிக்காமலே கரண்டு செலவாகும். ஸ்டார் முத்திரை இந்த வீண் இழப்பைத்தான் அளந்து சொல்கிறது.

சுவருக்குள் இருக்கும் செலவு

2 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். லைட், ஃபேனுக்குப் போட்ட பழைய வயரில் இதைச் சொருகக் கூடாது. மெயின் போர்டிலிருந்து தனி லைன், 2 கிலோவாட்டுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி., சரியான எர்த், 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இத்தனையும் வேண்டும். ஈரக் காலோடு நிற்கும் இடமல்லவா! பெரியம்மா வீட்டுப் பிளக்கில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் வயரே இல்லை.

வெந்நீர்ப் பைப் சி.பி.வி.சி.யாக இருக்க வேண்டும், சாதாரண பி.வி.சி. சூட்டில் வளைந்துவிடும். பிரஷர் பம்ப் உள்ள வீடுகளிலும் உயரமான அடுக்குமாடிகளிலும் 8 பார் தாங்கும் தொட்டி நல்லது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும் என்பதை நினைவில் வையுங்கள்.

சொட்டும் வால்வை அடைக்காதீர்!

இதை மட்டும் எல்லோரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது கனஅளவு ஏறக்குறைய 350 மில்லி கூடும். வந்த வழியே திரும்பாமல் இருக்க ஒருவழி வால்வு தடுக்கிறது. அதனால் அழுத்தம் ஏறி, சேஃப்டி வால்வு வழியாகக் கொஞ்சம் சொட்டும். அது குறை அல்ல, அதன் கடமை! முன்பு வந்த ஒருவர், "தண்ணி சொட்டுதுங்கம்மா" என்று பெரியம்மா வீட்டு வால்வின் வாயில் எண்ட் பிளக் போட்டு முடுக்கியிருந்தார். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒருநாள் ஒட்டிக்கொண்டிருந்தால்? தண்ணீர் அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டும். தொட்டி வெடித்தால் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1,600 லிட்டர் நீராவியாகும். குளியலறைச் சுவர் தாங்காது.

கேஸ் ஹீட்டர் வாங்குவோர் அதைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

முடிவாக ஒரு கணக்கு (சுமாரான விலைகள்)

புதிதாக மாற்றினால்: 15 லிட்டர் ஹீட்டர் ரூ.7,500, பைப் சாமான் ரூ.600, பொருத்துகூலி ரூ.500, வயரிங், எம்.சி.பி. ரூ.2,500; ஆர்.சி.சி.பி. ரூ.2,000. ஆக மொத்தம் ரூ.13,100.

ரிப்பேர் செய்தால்: எலிமெண்ட் ரூ.900, ஆனோட் ரூ.350, கேஸ்கட் ரூ.100, வால்வு ரூ.400, கூலி ரூ.600. ஆக ரூ.2,350. அதோடு வயரிங்குக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் ரூ.4,500 சேர்த்தாலும் ரூ.6,850தான்.

பெரியம்மா இரண்டாவது வழியையே எடுத்தார். புது ஹீட்டரின் விலைக்கும் குறைவான பணத்தில் வெந்நீரும் வந்தது, பாதுகாப்பும் வந்தது. வெறும் ரூ.7,500 கொடுத்துப் புதிதாக மாட்டி, எர்த் இல்லாத அதே பிளக்கில் சொருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாங்கியே தீரவேண்டும் என்றால் கவனிக்க வேண்டியவை: ஐ.எஸ். 2082 எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஸ்டார் முத்திரை, கண்ணாடிப் பூச்சுத் தொட்டி, மாற்றக்கூடிய ஆனோட். வாரண்டி அட்டையில் கடின நீர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள். மாட்டிய பின் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம். போர் தண்ணீர் என்றால் வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

நண்பர்களே, நாம் படிக்கும் ஓம் விதியும் வெப்பக் கணக்கும் பரீட்சை எழுதுவதற்கு மட்டுமல்ல. இந்த விடுமுறையில் அவரவர் வீட்டு ஹீட்டர் பிளக்கில் எர்த் இருக்கிறதா, சேஃப்டி வால்வின் வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கழற்றும் முன் மெயினை ஆஃப் செய்துவிட்டு, டெஸ்டரால் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்கள் பயமில்லாமல் குளித்தால், அதுவே நம் படிப்புக்குக் கிடைக்கும் முதல் சம்பளம்!