தீயணைப்போரும் ஊதிய உரிமையும்

பிறர் அஞ்சி வெளியேறும் தீக்குள் நுழைவதே தீயணைப்போர் கடமை. அவர்கள் பணியை நிறுத்தினால் மக்கள் உயிருக்கு இடர். நிறுத்தாவிடில் அவர்தம் குறை ஆள்வோர் செவிக்கு எட்டுவது அரிது.

1977 நவம்பர் 14 அன்று, பிரிட்டனின் தீயணைப்போர் சங்கம் 30 விழுக்காட்டு ஊதிய உயர்வு கோரி, நாடு தழுவிய தன் முதல் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த முனைந்த அரசோ 10 விழுக்காட்டு வரம்பைத் தளர்த்த மறுத்து, 'கிரீன் காடஸ்' எனும் பழைய தீயணைப்பு வண்டிகளுடன் படைவீரர்களை அனுப்பியது.

1978 சனவரியில் உடன்பாடு ஏற்பட்டது. உடனடி உயர்வு 10 விழுக்காடே. ஆயினும், திறன்மிகு தொழிலாளர் ஊதியத்தை அளவுகோலாகக் கொண்டு தீயணைப்போர் ஊதியத்தை ஆண்டுதோறும் உயர்த்தும் நெறிமுறை பிறந்தது. அஃது ஏறத்தாழக் கால் நூற்றாண்டு நிலைத்தது. ஒருமுறை பெறும் பெருந்தொகையினும் நிலையான நெறிமுறையே வலியது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.