பொம்மை ரயில் கூவுவது எப்படி?

அமெரிக்காவில் லயனல் என்ற நிறுவனம் 1935-ஆம் ஆண்டில் கூவும் பொம்மை ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ரயிலைத் தொடவேண்டியதில்லை. தள்ளியிருக்கும் விசையை அழுத்தினால் போதும், கூவும். இரண்டுக்கும் நடுவே தண்டவாளத்தைத் தவிர வேறு கம்பி கிடையாது. தண்டவாளத்திலோ ரயிலை ஓட்டும் மின்சாரம் ஏற்கெனவே பாய்கிறது. அப்படியானால் 'கூவு' என்ற கட்டளை எவ்வழியே போகிறது?

அதே தண்டவாளத்தின் வழியேதான்! ரயிலை ஓட்டுவது வினாடிக்கு 60 சுற்றுகள் கொண்ட மாறுதிசை மின்னோட்டம். விசையை அழுத்தியதும் ஒரு திருத்தி இடையில் நுழைந்து, அலையின் ஒரு பாதியைத் தடுக்கிறது. இதனால் மாறுதிசை மின்னோட்டத்துடன் சிறிது நேர்திசை மின்னோட்டமும் கலந்துவிடுகிறது. ரயிலின் மோட்டார் இதைப் பொருட்படுத்துவதில்லை. அதில் நிலைக்காந்தம் இல்லை. புலச்சுருளும் ஆர்மெச்சூரும் தொடராக இணைந்திருப்பதால், அது எவ்வகை மின்னோட்டத்திலும் ஒரே திசையில் சுழலும்.

வேறுபாட்டை அறிவது எஞ்சினுக்குப் பின்னுள்ள கரிப்பெட்டியில் ஒளிந்திருக்கும் ரிலே. இது மின்காந்தத்தால் மூடும் ஒரு சாவி. அதன் இரும்பு உள்ளகத்துக்குத் தடித்த செம்பு உறை போட்டிருக்கிறார்கள். மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் ஓயாமல் மாறுகிறது. அந்த மாற்றம் செம்பில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. லென்ஸ் விதியை நினைத்துப் பாருங்கள்: தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னைத் தூண்டிய மாற்றத்தையே எதிர்க்கும். எனவே காந்தம் வலுப்பெறாது. நேர்திசை மின்னோட்டத்திலோ புலம் நிலையாக நிற்கிறது; செம்புக்கு எதிர்க்க ஒன்றுமில்லை. ரிலே 'டக்'கென்று மூடும். பரபரப்பானவனை வாசலில் நிறுத்தி, நிதானமானவனை உள்ளே விடும் காவலாளி என்று சொல்லலாமா?

ரிலே மூடினால் இன்னொரு சிறு மோட்டார் காற்றாடியைச் சுழற்றும். காற்று, நீளம் வேறுபட்ட இரண்டு அறைகளுக்குள் பாய்ந்து இரண்டு சுருதிகளை எழுப்பும். நாம் கேட்பது அவற்றின் கூட்டொலி.

பல ஆண்டுகள் பரணில் கிடந்த ரயில் ஓடும், ஆனால் கூவாது. குற்றம் எங்கே? கரிப்பெட்டியைத் தனியே கழற்றுங்கள். எட்டு டார்ச் செல்களைத் தொடராக அடுக்கி, ஒரு முனையை நடுத் தண்டவாளத்தைத் தொடும் உருளையிலும், மறுமுனையைச் சக்கரத்திலும் ஒரு கணம் வையுங்கள். எந்த முனை எங்கே என்பது முக்கியமன்று.

கூவினால் பெட்டி நலம். மின்மாற்றிப் பக்கத்துத் திருத்திதான் செத்துவிட்டது. அக்காலத்துச் செப்பு ஆக்சைடு தட்டுக்குப் பதில் இன்று சிலிக்கான் டயோடு பொருத்துகிறார்கள். இதை மின்பணியாளரிடம் விடுங்கள். அந்த மின்மாற்றி 115 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எரிந்துபோகும், ஆபத்தும் உண்டு.

'டக்' ஒலி மட்டும் கேட்டால், ரிலேயின் தொடுமுனைகளில் கறை படிந்திருக்கலாம். காகிதத் துண்டை இடையில் வைத்து இழுத்தால் போகும். அல்லது மோட்டாரின் பழைய எண்ணெய் பிசினாய் இறுகியிருக்கும். துடைத்துவிட்டு, அச்சு சுழலும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், கரித்தூரிகையில் படக்கூடாது. 'டக்' ஒலியே இல்லையா? சுருளுக்குப் போகும் கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சரிசெய்த பின், கூவும்போது ரயில் சற்று வேகம் குறைந்தால் கவலை வேண்டாம். இரண்டு மோட்டார்கள் ஒரே மின்மாற்றியைப் பங்கிட்டுக்கொள்கின்றன.